உள்பக்கத்து நூல்

ஏழு வெள்ளை, ஒரு பச்சை. மறுபடி ஏழு வெள்ளை. அந்த ஏழு வெள்ளைக் கண்ணிக்கும் பின்னால் பச்சை நூல் சும்மா ஓடவேண்டும், ஓடி எட்டாவதில் முன்னால் வந்து ஒரு புள்ளி வைக்கவேண்டும், அவ்வளவுதான் வேலை, முப்பத்தோரு வருஷம் கம்பத்துக்குக் கம்பம் கம்பி இழுத்த லைன்மேனுக்கு இது ஒரு வேலையா என்று சந்தியாகு ஆரம்பத்தில் நினைத்தார், இப்போது நினைப்பதில்லை. மணி இரண்டே கால். லூர்து நாலு மணிக்கு வருவாள். மகள் நாலு என்றால் நாலுதான், அந்தப் புத்தி அவரிடமிருந்து போனது. இன்னும் நாலு சுற்று, பிறகு மணிக்கட்டில் ஒரு விரல் அகலத்துக்குப் பச்சையிலேயே பட்டி, பிறகு கண்ணிகளை மூடவேண்டும், ஸ்வெட்டரின் வலது கை முடிந்துவிடும். முடிந்தால் மாட்டவேண்டும். ஜன்னலில் மூடுபனி வந்து ஒட்டிக்கொண்டு நின்றது, குன்னூரில் இந்த மாதத்தில் அது மத்தியானமே வந்துவிடுகிறது, எதிர்வீட்டுத் தகரக்கூரைகூடத் தெரியவில்லை. கட்டிலில் பிரகாசி மூன்று தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உட்கார்ந்திருந்தாள் என்ன, அவர் உட்காரவைத்திருந்தார். வலது கை முஷ்டியாக மடியில் கிடந்தது, பக்கவாதம் வந்த ஏழு மாதமாக அப்படித்தான், நகம் உள்ளங்கையைக் குத்தாமலிருக்க உள்ளே ஒரு துணிச்சுருள். வாயும் அன்றைக்கே போனது. மிச்சமிருப்பது இடது கை, அது போர்வைமேல் இருந்தது. அவர் பின்னல் கற்றுக்கொண்ட நாளெல்லாம் அந்தக் கைதான் வாத்தியார், தப்பாகப் போட்டால் தொடையில் ஒரு அடி விழும், பேச்சு போனாலும் அடி போகவில்லை என்று லூர்துவிடம் போனில் சொல்லிச் சிரித்தார். இப்போது இருபது நாளாக அடி விழவில்லை. வேலை படிந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டார். வேறு எப்படி எடுத்துக்கொள்வது. ஏழு வெள்ளை, ஒரு பச்சை, எண்ணிக்கை தவறக்கூடாது, தவறினால் பச்சைப் புள்ளிகள் சேர்ந்து வருகிற நட்சத்திரத்தின் ஒரு கால் நொண்டும். ஒரு ஸ்வெட்டர், அதிலே ஒரு கை, அதிலே முழங்கைக்குக் கீழே ஒரு முழம், இதிலே வந்து ஒரு மனுஷன் மாட்டிக்கொள்வானா என்றால் மாட்டிக்கொண்டார், வாயால் மாட்டிக்கொண்டார். போன மாதம் லூர்து போனில் அழுதாள், ஏழு மாசமா அம்மா நைட்டியும் சால்வையுமா கிடக்கறாங்க, இந்தக் குளிர்ல ஒரு ஸ்வெட்டர் மாட்டிவிட முடியுதாப்பா உங்களால, கையை நீட்டவே வராதே அவங்களுக்கு, என்கூட கோயம்புத்தூர் அனுப்புங்க, நர்ஸ் வெச்சிருக்கேன், ரூம் ஒழிச்சு வெச்சிருக்கேன், நீங்களும் வாங்க. மாட்டறேன், என்றார் சந்தியாகு. என்னத்தை மாட்டறீங்க. ஸ்வெட்டரை. அவளே போட்டு அரைகுறையா நிக்குதே, அதை முடிச்சு நானே மாட்டறேன், மாட்டிட்டா நீ வாயை மூடிக்கிட்டு ஊருக்குப் போ. மாட்ட முடியலன்னா? முடியலன்னா கூட்டிட்டுப் போ. பேச்சு மாறமாட்டீங்களே? உங்கப்பன் பேச்சு மாறினான்னு உனக்கு எவன் சொன்னான், வை போனை. அதுதான் இந்த ஊசி, இந்த நூல், இந்த நாலு மணி.

அந்த ஸ்வெட்டரில் பிரகாசி உடம்பு முடித்து, இடது கை முடித்து, வலது கையைத் தோளிலிருந்து கீழே இறக்கிக்கொண்டு வந்தாள். முழங்கை வரை வந்தபோது ஒரு சனிக்கிழமை காலை அவள் கையிலிருந்த பச்சை உருண்டை தரையில் உருண்டு வந்து அவர் காலில் இடித்தது. அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். குனியவில்லை, காலாலேயே அவள் பக்கம் தள்ளிவிட்டார். அது மறுபடி வரவில்லை, அவளும் எடுக்கவில்லை, பக்கத்தைத் திருப்பிவிட்டுத்தான் நிமிர்ந்தார். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை, இது சொல்கிற விஷயமும் இல்லை, ஒரு பக்கம் படிக்க எவ்வளவு நேரம் ஆகும், இரண்டு நிமிஷம், அந்த இரண்டு நிமிஷத்தில் ஒன்றும் ஆகியிருக்காது என்று டாக்டரும் சொன்னார், அவர் கேட்காமலேயே சொன்னார், அதுதான் நெருடல். சரி, நாலாவது கண்ணியில் ஒருதரம் பச்சையை வெள்ளைக்கு அடியில் நுழைத்துப் பிடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் உள்பக்கம் ஏழு கண்ணி நீளத்துக்கு நூல் அவிழ்ந்த மாதிரி தொங்கும். அதையும் அவள்தான் சொல்லிக்கொடுத்தாள், சொல்லி எங்கே, அடித்துக் கொடுத்தாள். முதல் வாரம் தொடை சிவந்தது. நூலை இழுத்தால் அடி, நூலைத் தொங்கவிட்டால் அடி, முதலில் ஊசியில் கண்ணிகளை விரலால் விரித்து வைத்துவிட்டுப் பிறகுதான் அடுத்த நிறத்தை எடுக்கவேண்டும், விரிக்காமல் எடுத்தால் உள்பக்கத்து நூல் குட்டையாகி எல்லாவற்றையும் சேர்த்துச் சுருக்கிவிடும், முன்பக்கம் பார்த்தால் ஒன்றும் தெரியாது, நட்சத்திரம் நட்சத்திரமாகத்தான் இருக்கும், மாட்டும்போது தெரியும், இழுபடாது. நல்லா இருந்த காலத்தில் பங்குக் கோவிலில் மாதர் சபைப் பெண்கள் பின்னிக்கொண்டு வந்து காட்டுவார்கள், அக்கா எப்படி இருக்கு என்பார்கள், பிரகாசி முன்பக்கத்தைப் பார்க்கவே மாட்டாள், திருப்பு என்பாள், உள்ள காட்டு, முன்னால எல்லாரும் அழகாத்தான் இருப்பீங்க. அந்தப் பெண்கள் சிரிப்பார்கள், பயப்படவும் செய்வார்கள். கம்பியும் அப்படித்தானே, அவருக்கு இது யாரும் சொல்லித்தர வேண்டாம், இரண்டு கம்பத்துக்கு நடுவில் கம்பிக்குத் தொங்கல் விடவேண்டும், வெயிலில் விறைப்பாக இழுத்துக் கட்டிவிட்டு, பார்க்க நேராக இருக்கிறது என்று இறங்கி வந்தால், விடியற்காலைக் குளிரில் அது சுருங்கித் தானாக அறுந்து விழும், புதுப்பையன்களுக்கு அவர் இதைக் கெட்டவார்த்தையோடு சேர்த்துச் சொல்லுவார், மறக்கக்கூடாது என்று. அவரே இப்போது இழுக்கிறார். தெரிந்தே இழுக்கிறார். தெரியாமல் என்ன, விரலுக்குத் தெரியும், நாலு மணிக்குள் முடியவேண்டும், விரித்துவிட்டு எடுக்க நேரம் இல்லை, அடுத்தது, அடுத்தது, ஒரு இடத்தில் பிடிக்காமல் விட்டுவிட்டு அடுத்த இடத்தில் இறுக்கி இழுத்துச் சரிக்கட்டிக்கொண்டு போகிறது கை. அடி விழவில்லை. ஓரக்கண்ணால் பார்த்தார். பிரகாசி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுவரில் கடிகாரம்தான் இருக்கிறது.

அந்தக் கடிகாரத்தைக் கழற்றிவிடலாம் என்று இருபது நாளாக நினைக்கிறார். கழற்றினால் அங்கே வட்டமாக ஒரு வெள்ளை அடையாளம் இருக்கும், அதைப் பார்ப்பாள். இரண்டு ஐம்பது. மூன்றாவது சுற்று. இருபது நாளைக்கு முன்னால் அந்தச் செவ்வாய்க்கிழமை வெள்ளை நூல் தீர்ந்துபோனது, அதற்கு அவர் என்ன செய்வார், அதே வெள்ளை கிடைக்கவேண்டும், கடைத்தெருவுக்குத்தான் போகவேண்டும். தினம் அரை மணி நேரம் நாற்காலியில் உட்காரவையுங்க தாத்தா, முதுகு புண்ணாகாம இருக்கும் என்று பிசியோ பெண் சொல்லியிருந்தாள், நாற்காலியில் உட்காரவைத்தால் பிரகாசி வலதுபக்கம் சரிவாள், சரியாமலிருக்க அவருடைய பழைய பெல்ட்டைப் போடுவார், கம்பத்தில் ஏறும்போது இடுப்பைச் சுற்றிக் கம்பத்தைச் சுற்றிப் போடுகிற தோல் பெல்ட், கொக்கி முதுகுப்பக்கம். அன்றைக்கும் போட்டார். போட்டுவிட்டு, அரை மணி நேரம்தானே, நூல் வாங்கிட்டு வந்துடறேன் என்றார். அவள் தலையை ஆட்டினாள். எப்படி ஆட்டினாள் என்பதைத்தான் அவர் திரும்பத் திரும்பப் பார்க்கிறார், மேலும் கீழுமாகவா, பக்கவாட்டிலா, அவர் அப்போது செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். நூல் வாங்கினார். அதே வெள்ளைதான், கடைக்காரன் எடுத்துப்போட ஐந்து நிமிஷம். திரும்பி ஏறுகிற வழியில் ரயில் ஸ்டேஷன். மலை ரயிலின் எஞ்சினுக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பெஞ்சில் உட்கார்ந்தார். யாரும் அவரை எதுவும் கேட்கவில்லை. துடைக்கவேண்டாம், திருப்பிப்போட வேண்டாம், ஊட்டவேண்டாம், இது வேணுமா அது வேணுமா என்று ஒரு முகத்தைப் படிக்கவேண்டாம். கால் நீண்டுகொண்டது. தூங்கிவிட்டார். ஏழு மாதத்தில் அப்படி ஒரு தூக்கம் இல்லை, எச்சில் வழிந்த தூக்கம், எழுந்தபோது மடியில் நூல் பொட்டலம் இருந்தது, எஞ்சின் போய்விட்டிருந்தது. ஒரு மணி நேரம் இருக்கும். ஒன்று, அதற்குமேல் இல்லை. வீட்டுக்கு ஓடினார் என்று சொல்லலாம், ஓடவில்லை, நடந்தார், கதவுக்கு முன்னால் கொஞ்சம் நின்றார்கூட. உள்ளே அவள் நாற்காலியில் வலதுபக்கம் பெல்ட்டில் தொங்கினமாதிரி சரிந்திருந்தாள், நைட்டி ஈரம், தரை ஈரம். அழவில்லை. அவரைப் பார்க்கவுமில்லை. எதிரே கடிகாரம். கொக்கியை எடுத்தபோது வயிற்றில் தோல் பட்டையின் அச்சு இருந்தது, அன்று முழுக்க இருந்தது, மறுநாள் குளிப்பாட்டும்போது அவர் சோப்பை அந்த இடத்தில் மெதுவாகப் போட்டார், அதற்கு அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அவ்வளவுதான், வேறு ஒன்றும் இல்லை, ஒருத்தருக்கும் தெரியாது, இவளால் சொல்லமுடியாது. இவளால் சொல்லமுடியாது என்பதில் அவருக்கு ஒரு ஆறுதல் வந்தது, அந்த ஆறுதல் வந்ததுதான் பெல்ட்டைவிட மோசம். கூட வேலைபார்த்த ஆல்துரையோடு இருபத்தாறு வருஷம் பேசாமல் இருந்தாரே. கோத்தகிரி ரோட்டில் மழையில் கம்பத்தின் மேலே இவர் பெல்ட்டின் கொக்கி மாட்டிக்கொண்டது, காலும் மரத்துவிட்டது, கீழே இருந்த ஆல்துரை, இரு அண்ணே, ஏணி கொண்டாரேன் என்று போனவன் வழியில் டீ குடித்துவிட்டு வந்தான். முக்கால் மணி நேரம். இறங்கினதும் அறைந்தார், அதற்குப் பிறகு அவன் மகள் கல்யாணத்துக்குக்கூடப் போகவில்லை, அவன் செத்தபோது கல்லறையில் தூரத்தில் நின்றார். முக்கால் மணி நேரத்துக்கு. அதே பெல்ட். பச்சை எங்கே, ஆறு வெள்ளையில் பச்சையைப் போட்டுவிட்டார், பிரிக்கவேண்டும். சனியன். பிரித்தார். உள்பக்கம் இழுத்துவைத்த நூல் பிரியும்போது விறைத்துக்கொண்டு வந்தது, கோபித்துக்கொண்டவன் கையை உதறுகிற மாதிரி. இரண்டு மணி நேரம் இருக்கலாம். எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்கும்போது வெயில் இருந்தது, எழுந்தபோது இல்லை.

மூன்றேகால். பட்டி. பட்டியில் ஒரே நிறம், உள்ளே ஓட இன்னொரு நூல் இல்லை, கை தானாக ஓடும், கை ஓடினால் மண்டைக்கு வேலை இல்லை, அது வேறு எங்கேயோ போய் நிற்கும். போகட்டுமே, என்று ஒரு குரல் பின்னாலேயே ஓடிக்கொண்டிருக்கிறது, எத்தனை நாளாக என்று தெரியாது, போகட்டும், லூர்து வீட்டில் தரைத்தளம், சக்கரநாற்காலி போகும், நர்ஸ் இருக்கிறாள், நீ கட்டிலில் குறுக்கே படுத்துத் தூங்கு. முன்னால் வேறு பேச்சு, என் பொண்டாட்டியை நான் பார்த்துக்கறேன், மருமகன் வீட்டு வாசலில் போய் உட்கார நான் என்ன நாயா. அந்தப் பேச்சை எல்லோரும் பார்க்கிறார்கள், பங்குச்சாமியார்கூட முதுகில் தட்டினார், சந்தியாகு மாதிரி உண்டா என்றார். முடியவில்லை என்று சொல்லிவிட்டால் என்ன. என்ன, ஒன்றும் இல்லை, ஆனால் சொன்னால் அந்தச் செவ்வாய்க்கிழமையும் சேர்ந்து வெளியே வரும் போலிருக்கிறது, ஒரு நூலை இழுத்தால் மற்றது வருகிற மாதிரி, அதனால் சொல்லமுடியாது, சொல்லமுடியாததால் அவளை அனுப்பமுடியாது, அனுப்பமுடியாததால் இந்தக் கை முடியவேண்டும். முடிந்தது. மணி மூன்று முப்பத்தைந்து. கடைசிக் கண்ணியை மூடி நூலை அறுத்து, கத்தரிக்கோலைக் கட்டிலின் ஓரத்தில் போட்டார். பிரகாசி, பாரு, என்று தூக்கிக் காட்டினார். நட்சத்திரங்கள் தோளிலிருந்து மணிக்கட்டு வரை வரிசையாக இறங்கின, ஒன்றுகூட நொண்டவில்லை. அவள் இடது கையை நீட்டி வாங்கினாள். மணிக்கட்டுப் பக்கத்தைப் பிடித்து வெளிப்புறம் மடித்தாள். உள்ள காட்டு, என்றது அந்தக் கை. அவர் பிடுங்கிக்கொண்டார். நேரமில்ல, என்றார், உன் மக வந்துடுவா. எழுந்து போய் வாசல்கதவைத் தாழ்ப்பாள் போட்டார், மாட்டி முடிக்கிறவரை ஒருத்தரும் பார்க்கவேண்டாம்.

கெட்ட கை முதலில், பிறகு தலை, பிறகு நல்ல கை. பிசியோ பெண் சொன்ன முறை. துணிச்சுருளை எடுத்துவிட்டு, முஷ்டியைத் தோள்பக்கத்து வாயில் நுழைத்தார். பிரகாசி பின்னின பகுதியில் கை வழுக்கிக்கொண்டு இறங்கியது, அவளுக்கு அவளே பாதை போட்டுவைத்த மாதிரி, ஒரு நூல் உறுத்தவில்லை, முழங்கை வந்தது, அவர் பகுதி ஆரம்பித்தது, அடிவாங்கின காலத்துச் சுற்றுகள், அதுவும் பரவாயில்லை, போனது. பிறகு நின்றது. தள்ளினார். நட்சத்திரங்கள் விரியவில்லை. கம்பளி விரியும், உள்ளே இழுத்துக் கட்டின பச்சை விரியாது, முஷ்டிக்குக் குறுக்கே சுற்றுக்குச் சுற்று வேலி. கொஞ்சம் தள்ளு பிரகாசி, என்றார், யாரைத் தள்ளச் சொல்கிறார். திருகினார். அவள் தொண்டையில் ஒரு சத்தம். பின்னால் இழுத்தார், பின்னாலும் வரவில்லை, ஒரு விரல் எங்கேயோ கொக்கியாக மாட்டியிருந்தது, பிடிக்காமல் விட்ட ஒரு நூல், ஏழு கண்ணி நீளத் தொங்கல், அதற்குள் அவளுடைய சுண்டுவிரல். இழுக்க இழுக்க இறுகியது. மூன்று ஐம்பது. வேர்த்துவிட்டது, இந்தக் குளிரில். முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை, மழை இல்லையே தவிர எல்லாம் அந்தக் கம்பம்தான். அவள் முகத்தைப் பார்த்தார். வலி இருந்தது, பயம் இல்லை, அதுதான் பயமாக இருந்தது, இதற்குமுன் இப்படி இருந்து பழகினவள் முகம். இரு, நான் எடுக்கறேன் என்று கட்டிலில் அவள் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்து, மணிக்கட்டுப் பட்டி வழியாகத் தன் வலது கையை உள்ளே விட்டார், கட்டைவிரலை மடக்கிக்கொண்டு, மாட்டுக்குப் பிரசவம் பார்க்கிறவன் மாதிரி. பட்டி கிடுக்கிப்பிடியாகப் பிடித்தது, உள்ளே போனது. நூலைத் தேடினார். அவர் விரல் அவள் விரல்மேல் பட்டது, அவள் முஷ்டி, ஏழு மாதமாக எதையும் பிடிக்காத முஷ்டி, அவருடைய ஆள்காட்டிவிரலைக் கவ்விக்கொண்டது. பிரகாசி, விடு. விடவில்லை. அவள் சொல்லி அது கேட்டால்தானே. கையை வெளியே இழுத்தார், கட்டைவிரல் விரிந்து பட்டியில் முட்டியது, மற்ற விரல்களில் அவர் பின்னின நூல்களே சுற்றிக்கொண்டன. புருஷனும் பெண்டாட்டியும் ஒரே கைக்குள், ஆளுக்கு ஒரு பக்கமாக. தாழ்ப்பாள் எட்டு அடி தூரத்தில். கார்க்கதவு அடிக்கிற சத்தம் கேட்டது.

"அப்பா!" கதவு தட்டப்பட்டது. "அப்பா, கதவைத் திறங்க. வெளியே நடுங்குது."

"இரு."

"என்ன இரு? அம்மா எங்க?"

"இங்கதான் இருக்கா. மாட்டிக்கிட்டிருக்கோம்." அவர் சொன்னது உண்மைதான்.

வெளியே லூர்து சிரிக்கிற சத்தம், மூக்கை உறிஞ்சுகிற சத்தம். "விடுங்கப்பா. அந்தப் பந்தயமெல்லாம் நான் அன்னிக்குக் கோவத்துல ஒத்துக்கிட்டது. ஸ்வெட்டர் மாட்டினா என்ன, மாட்டாட்டி என்ன. நீங்க ஒரு நிமிஷம்கூட அம்மாவை விட்டு நகராம பாத்தீங்க. எந்த மனுஷன் பாப்பான்? எங்க வீட்டுக்காரர்கிட்ட அதைத்தான் சொல்லிட்டு வர்றேன், எங்கப்பா ஒரு நிமிஷம்கூட—"

"நகர்ந்தேன்," என்றார் சந்தியாகு.

"என்னது?"

"நகர்ந்தேன்டீ. காதுல விழலையா. செவ்வாய்க்கிழமை. நாற்காலியில வெச்சு பெல்ட்டைப் போட்டுட்டு, நூல் வாங்கப் போனேன். போனவன் ஸ்டேஷன்ல தூங்கிட்டேன்."

மூடுபனிக்குள் எங்கேயோ ஒரு லாரி வளைவில் ஹாரன் அடித்தது.

"பெல்ட்டா? கட்டிப்போட்டுட்டுப் போனீங்களா?"

"ஆமா."

"எவ்வளவு நேரம்?"

"ரெண்டு மணி நேரம் இருக்கும்."

தொடையில் பட்டென்று அடி விழுந்தது. இருபது நாளைக்குப் பிறகு விழுந்த அடி, பழைய அடி, எண்ணிக்கை தப்பும்போது விழுகிற அதே அடி. திரும்பினார். பிரகாசி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அன்றைக்கப்புறம் இப்போதுதான் நேராகப் பார்க்கிறாள். இடது கையை அவர் முகத்துக்கு முன்னால் தூக்கினாள், கட்டைவிரலை மடக்கிவிட்டு மற்ற விரல்களை விரித்துக் காட்டினாள். பிறகு அதே கையால் கடிகாரத்தைக் காட்டினாள்.

அவர் அந்த விரல்களைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார்.

"நாலு," என்றார். "நாலு மணி நேரம். உங்கம்மா எண்ணியிருக்கா."

கதவுக்குப் பின்னால் லூர்துவின் செருப்புச் சத்தம் நகர்ந்தது. போய்விட்டாளோ என்று நினைத்தார். "அடியே," என்றார், "என்னால எந்திரிக்க முடியாது. பின்பக்கம் வா. சமையல்கட்டுக் கதவு சும்மாதான் சாத்தியிருக்கு."

அவள் வீட்டைச் சுற்றிவருகிற நேரம்தான் அவருக்கு இருந்தது. அந்த நேரத்தில் அவர் ஒன்றும் நினைக்கவில்லை, இது புதுசாக இருந்தது, பின்னால் எதுவும் ஓடவில்லை. பட்டி மணிக்கட்டை அறுத்தது. உள்ளே இருட்டில் விரலைச் சுற்றி அவள் விரல்கள் சூடாக இருந்தன. இத்தனை சூடா. குளிப்பாட்டுகிறார், துடைக்கிறார், ஆனால் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எத்தனை நாள். அன்னிக்கு வந்துட்டும் நான் நின்னேன், கதவுக்கு வெளிய, என்று அவளிடம் சொன்னார், உள்ள வர பயமா இருந்துச்சு. அவள் கேட்டாள் என்றுதான் தோன்றியது. முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

லூர்து சமையல்கட்டு வழியாக வந்து நின்றாள், நாற்பது வயதுக்காரி, தலைமுடியில் பனித்துளி, செருப்பைக்கூடக் கழற்றவில்லை. இரண்டு பேரையும் பார்த்தாள், நடுவில் இருந்த கம்பளிக் குழாயைப் பார்த்தாள். அவர் திட்டு எதிர்பார்த்தார். திட்டினால் திருப்பித் திட்டலாம், அதற்குத் தயாராகக்கூட இருந்தார். அவள் கட்டிலுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து அம்மாவின் முழங்காலில் கை வைத்தாள்.

"அம்மா. இத்தனை நாள் நாங்களே பேசிக்கிட்டோம். உன்னை நான் கேக்கவே இல்ல. நீ என்கூட வர்றியா, இங்கயே இருக்கியா?"

ஏழு மாதத்தில் அந்தக் கேள்வியை அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. சந்தியாகு கேட்டதில்லை. அவருக்குப் பதில் தெரியும் என்று இருந்தார், இந்த ஊர், இந்தக் கட்டில், இந்தப் புருஷன், வேறெங்கே போவாள் என்று. பிரகாசி அவசரப்படவில்லை. இடது கை மெதுவாக எழுந்தது. அலமாரிக்கு மேலே இருந்த பெட்டியைக் காட்டியது. லூர்துவுக்குப் புரியாமல் போய்விடக்கூடாது என்று மறுபடி ஒருமுறை காட்டியது. பிறகு சால்வையின் முனையை எடுத்துத் தானே தோளில் போட்டுக்கொண்டது.

"சரிம்மா," என்றாள் லூர்து. அப்பாவைப் பார்க்காமல் எழுந்தாள். நீங்களும் வாங்க என்று எப்போதும் சொல்லுவாள், எரிச்சலாக இருக்கும் அவருக்கு. இந்தத் தடவை சொல்லவில்லை. கட்டில் ஓரத்திலிருந்த கத்தரிக்கோலை எடுத்துத் தோளுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள்.

"அங்க வெட்டாத," என்று சந்தியாகு கத்தினார். குரல் உடைந்து வேறு யாரோ கத்துகிற மாதிரி வந்தது. "அது அவ போட்டது. முழங்கைக்குக் கீழ வெட்டு. அது பூரா நான் போட்டதுதான்."

பட்டியிலிருந்து மேல்நோக்கி வெட்டினாள். உள்ளே விறைத்துக்கொண்டிருந்த பச்சை நூல்கள் ஒவ்வொன்றாகத் தெறித்தன, நட்சத்திரங்கள் இரண்டாகப் பிரிந்தன, முழங்கையில் வந்து கத்தரி நின்றது. வெளிச்சத்தில் இரண்டு கைகளும் தெரிந்தன, சிவந்து, வரி வரியாக அச்சு விழுந்து. லூர்து பெட்டியை இறக்கப் போனாள். வெளியே கார்க்காரன் ஒருதரம் ஹாரன் அடித்தான். கை வெளியே வந்துவிட்டது, ஆனால் பிரகாசியின் முஷ்டி அவருடைய விரலை இன்னும் விடவில்லை. அதில் ஒன்றும் இல்லை, அது நரம்பு, இழுத்தா இன்னும் இறுக்கும் தாத்தா, இழுக்கவே கூடாது, மணிக்கட்டை உள்பக்கமா மடக்கிட்டு சுண்டுவிரல்ல இருந்து ஒவ்வொண்ணா எடுக்கணும் என்று பிசியோ பெண் சொல்லியிருக்கிறாள். அவர் தன் இடது கையால், பழக்கமில்லாத கையால், அவள் மணிக்கட்டை மடக்கினார். சுண்டுவிரலைத் தொட்டார். வெட்டுப்பட்ட பச்சை நூல் ஒன்று அதில் இன்னும் சுற்றியிருந்தது. அதை முதலில் எடுத்தார். பிறகு விரல். இழுக்கவில்லை.